தனிக்கட்டை வாழை!

ஆஃபீஸ் நண்பர்கள் நாலு பேர் ஒரு செப்டம்பரில் வால்பாறைக்குக் கிளம்பினோம். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். பாதியிலேயே எனக்குத் தலை சுற்ற, வேனை ஓரங்கட்டினார் டிரைவர்.

எதிரே செங்குத்துப் பாறை. அதன் இடுக்கில் ஒரு வாழை! அடி மட்டும் பானை போலப் பெருத்து (உங்கள் மேனேஜரை நினைத்துக் கொள்ளுங்கள்), மேலே அகலமான இலைகள். நடுவே கனமாகத் தொங்கும் பூ.

"மாப்ளே, இதைப் பறிச்சுட்டுப் போனா அம்மா வடை சுட்டுத் தருவாங்கடா!" என்று பாறையில் காலை வைத்தான் நண்பன்.

"தம்பி, கை வைக்காதீங்க. அது கல்வாழை. பக்கக் கன்னு விடாது. பூவைப் பறிச்சா அதோட வம்சமே போச்சு!" என்றார் டிரைவர்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. 'வாழையடி வாழையாக' என்றுதானே எல்லாக் கல்யாணத்திலும் வாழ்த்துகிறோம்?

ஊர் திரும்பித் தேடிப் படித்தேன். டிரைவர் சொன்னது நிஜம். விஞ்ஞானப் பெயர் என்சீட் சூப்பர்பம். 'சூப்பர்பம்' என்றால் கம்பீரமானது. மேற்குத் தொடர்ச்சி மலைப் பாறைகள்தான் சொந்த ஊர். வாழையோடு சேர்த்துத்தான் முதலில் பெயர் வைத்தார் ராக்ஸ்பர்க். பிறகு 1940-களில் சீஸ்மன் என்பவர் பிரித்து வைத்தார். ஆக, நம்ம வாழைக்கு ஒன்றுவிட்ட அண்ணன்!

வெயில் காலத்தில் இலையெல்லாம் காய்ந்து விழும். பெருத்த அடி மட்டும் உயிரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மழை விழுந்ததும் துளிர்க்கும். இப்படிப் பல வருஷம் சேமித்து, ஆயுளில் ஒரே ஒரு தடவை பூத்து, காய்த்து, செத்துப் போகும். பழத்தில் சதை கொஞ்சம், கல் மாதிரி விதைகளே அதிகம். அந்த விதைதான் அடுத்த தலைமுறை. நாட்டு மருந்துக்கென்று அதையும் மொத்தமாக எடுத்துவிட்டால்?

அழகுக்காகத் தோட்டத்தில் வளர்ப்பவர்களும் உண்டு. எனக்கும் ஆசை வந்தது. நர்சரியில் 'கல்வாழை' கேட்டேன். சாக்கடை ஓரம் சிவப்பாகப் பூக்குமே, அந்தச் செடியை நீட்டினார்கள். அதற்கும் இதே பெயர்தான்! நீங்கள் வாங்கினால் ஒரு கேள்வி கேளுங்கள்: விதை போட்டு வளர்த்ததா, மலையிலிருந்து பெயர்த்ததா? பெயர்த்ததென்றால் வேண்டாம் ஸார்.

இதையெல்லாம் நண்பனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

"பாவம்டா... அதுக்கு இருந்ததே ஒரு சான்ஸ். அதைப் போய் வடையாக்கப் பார்த்தேனே!"