கை குலுக்கலா... கச்சேரியா?

உங்க ஃபேவரைட் பாடகியை இரண்டடி தூரத்துல நின்னு சில நொடி பார்க்கணுமா? இல்ல, கடைசி வரிசையில உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பார்க்கணுமா? 'ரெண்டும்தான் பாஸ்!'னு நீங்க சொல்றது கேட்குது. ஆனா, பர்ஸ் அப்படிச் சொல்லாதே! ஜப்பானிய 'ஐடல்' குழுக்களோட ரசிகர்கள் மண்டையைப் பிய்ச்சுக்கிற கேள்வி இதுதான்.

அது என்ன ஐடல்?

ஆடிப் பாடுற பொண்ணுங்கனு சுருக்கமா முடிச்சுட முடியாது. கத்துக்குட்டியா மேடையேறி, ரசிகர்களோட கண்ணு முன்னாடியே வளர்றவங்க. 1997-ல் ஒரு டி.வி. ஆடிஷன்ல தோத்துப்போன ஐந்து பேரைச் சேர்த்து உருவானதுதான் 'மார்னிங் முசுமே'. '5 நாளுக்குள் 50,000 சி.டி. வித்துக் காட்டுங்க, அப்புறம் பார்ப்போம்'னு சவால். ஊர் ஊரா நேர்ல போய் வித்து ஜெயிச்சாங்க!

அடுத்து 'ஏ.கே.பி.48'. 2005 டிசம்பர் 8-ம் தேதி, டோக்கியோவின் அகிஹபரா ஏரியாவில் ஒரு கடையின் எட்டாவது மாடியில், 250 பேர் மட்டுமே பார்க்கக்கூடிய குட்டி தியேட்டரில் ஆரம்பம். 'நேரில் சந்திக்கக்கூடிய ஐடல்' என்பதுதான் கான்செப்ட். முதல் நாள் காசு கொடுத்து வந்தவங்க ஏழே பேர்! பின்னாடி சி.டி.யோட கைகுலுக்கும் டிக்கெட்டையும் சேர்த்து வித்தாங்க. அப்புறம் என்ன... கூட்டம் அள்ளுச்சு.

பந்தியில் ஒரு இலை

கன்வென்ஷன்னா கல்யாண விருந்து மாதிரி. அனிமே, காமிக்ஸ், கேம்ஸ்னு ஏகப்பட்ட ஐட்டம். அதுல ஐடல் குழுவும் ஒண்ணு. லாஸ் ஏஞ்சல்ஸின் அனிமே எக்ஸ்போவுக்கு 2009-ல் மார்னிங் முசுமே, 2010-ல் ஏ.கே.பி.48 வந்தாங்க. வெளிநாட்டு ரசிகர்கள் பலருக்கு அதுதான் முதல் தரிசனம்.

பிளஸ் என்ன? பாட்டு மட்டுமில்லாம கேள்வி-பதில், ஆட்டோகிராஃப் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே கிடைக்க சான்ஸ் உண்டு. பிடிக்கலைன்னா பக்கத்து அரங்குக்கு நடையைக் கட்டலாம். மைனஸ்? வரிசை... வரிசை... வரிசை! பக்கத்துல நிக்கிறவருக்கு அந்தக் குழுவோட பேரே தெரியாம இருக்கலாம். பாட்டும் 'இன்னும் கொஞ்சம்'னு கேட்கிறப்பவே முடிஞ்சுடும்.

முழுச் சாப்பாடு

தனிக் கச்சேரியை ஜப்பான்ல 'ஒன்மேன்'னு சொல்றாங்க. மேடையில பத்துப் பேர் நின்னாலும் ஒன்மேன்தான்! அன்னிக்கு அரங்குல இருக்கிற அத்தனை பேரும் இவங்களுக்காக மட்டுமே வந்தவங்க. பல குழுக்கள்ல ஒவ்வொரு மெம்பருக்கும் ஒரு நிறம். அவங்க பாடுறப்ப கையில இருக்கிற லைட்டுகள் அந்த நிறத்துக்கு மாறும். எந்த வரியில என்ன கோஷம்னு கூட்டத்துக்கே அத்துப்படி. கன்வென்ஷன்ல நீங்க பார்வையாளர். இங்கே நீங்களும் நிகழ்ச்சியில ஒரு ஆள்.

இன்னொரு விஷயம் இருக்கு. குழுவோட எதிர்காலம் ஒன்மேன்லதான் தெரியும். சின்ன ஹால் நிறைஞ்சாத்தான் பெரிய ஹால். 2008-ல் தொடங்கின 'மோமோய்ரோ குளோவர்' தெருவோரத்துல இலவசமா ஆடினவங்க. பேரோட 'இசட்' சேர்த்துக்கிட்டு, 2014 மார்ச்சில் டோக்கியோ நேஷனல் ஸ்டேடியத்தில் கச்சேரி நடத்தினாங்க. மார்னிங் முசுமேவும் 2014 அக்டோபரில் நியூயார்க்கில் தனிக் கச்சேரி கொடுத்தாங்க. கன்வென்ஷன் கூட்டம் எல்லோருக்கும் பொது. ஒன்மேன் கூட்டம்தான் சொந்தக் கூட்டம்.

கொஞ்சம் சீரியஸா...

கைகுலுக்கும் வரிசையில 'ஹகாஷி'னு ஒரு வேலை உண்டு. நேரம் முடிஞ்சதும் ரசிகரைத் தோளைத் தொட்டு நகர்த்துற ஊழியர். பேரோட அர்த்தம் 'பிய்த்து எடுப்பவர்'! அந்தச் சில நொடி போதாதுனு ஒரே சி.டி.யைக் கட்டுக்கட்டா வாங்கினவங்க நிறைய. பாட்டுக்காக இல்லை, உள்ளே இருக்கிற டிக்கெட்டுக்காக.

நெருக்கத்துக்கு அந்தப் பக்கத்துலயும் ஒரு விலை இருக்கு. 2014 மே மாதம், இவாத்தே மாகாணத்தில் நடந்த ஏ.கே.பி.48 கைகுலுக்கல் நிகழ்ச்சியில் ஒருத்தர் ரம்பத்தால தாக்கினதுல இரண்டு மெம்பர்களும் ஓர் ஊழியரும் காயமடைஞ்சாங்க. அதுக்கப்புறம் மெட்டல் டிடெக்டர், பை சோதனை எல்லாம் வந்தது. 2020-ல் கொரோனா வந்ததும் கைகுலுக்கலே நின்னுபோய், போன் திரையில பேசுற நிகழ்ச்சிகள் பிரபலமாச்சு. மணிக்கணக்கா சிரிச்ச முகத்தோட நிக்கிற அந்தப் பொண்ணுக்கு அது வேலைங்கிறதை நாமதான் ஞாபகம் வெச்சுக்கணும்.

போறீங்களா? இதைப் படிங்க!

* கன்வென்ஷன் நுழைவு டிக்கெட்ல கச்சேரியும் சேர்த்தியானு முதல்ல பாருங்க. பல இடத்துல அதுக்குத் தனி டிக்கெட்.

* ஆட்டோகிராஃபுக்குக் குலுக்கல் இருந்தா, முன்னாடியே பேர் கொடுங்க.

* நேர்ல சொல்லப்போறது ஒரே ஒரு வாக்கியம். வரிசையில நிக்கிறப்பவே ரெடி பண்ணிக்குங்க. அங்கே போய் யோசிச்சா 'ஹி... ஹி...'தான்!

* ஒன்மேன்ல லைட்டை முகத்துக்கு மேல தூக்காதீங்க. பின்னாடி இருக்கிறவரும் காசு கொடுத்துத்தான் வந்திருக்கார்.

* அனுமதி இல்லாத இடத்துல கேமராவைத் தொடவே தொடாதீங்க.

சரி, தீர்ப்பு? குழுவே புதுசுன்னா கன்வென்ஷன். பாட்டெல்லாம் மனப்பாடம்னா கண்ணை மூடிட்டு ஒன்மேன். பத்து சி.டி.க்குச் சேர்த்து வெச்ச காசு கையில இருந்தா? ஒரு சி.டி. வாங்குங்க, மிச்சத்துல கச்சேரி டிக்கெட் எடுங்க. அவங்க மேடைக்கு வந்தது பாடத்தானே!