மூத்தம்மாவின் சிம்மில் தரம் 6 பிள்ளை

மருதமுனையிலோ சாய்ந்தமருதிலோ கல்முனைக்குடியிலோ பிள்ளையின் கைக்குப் போன் எப்படி வந்தது என்று கேட்டால், பல வீடுகளில் பதில் ஒன்றுதான்: பாடசாலை கேட்டது. 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டதும் வகுப்புகள் ஸூமுக்கும் வட்ஸ்அப் குழுக்களுக்கும் போயின. வட்ஸ்அப்பின் சொந்த விதிப்படி அப்போது 13 வயது ஆகியிருக்க வேண்டும். நாம் தரம் 5க்கும் குழு தொடங்கினோம். பிறகு பாடசாலை திறந்தது, போன் மட்டும் பிள்ளையிடமே தங்கிவிட்டது. வாப்பா கட்டாரில் இருக்கும் வீட்டில் அவரோடு பேசவும் அதே போன்தான். 'பறித்து வையுங்கள்' என்று மேடையில் சொல்வது லேசு.

பலரும் கவனிக்காத சிக்கல் வேறு. இங்கே தேசிய அடையாள அட்டை 15 வயதில்தான். சிம் பதிய அந்த அட்டை வேண்டும். ஆகவே தரம் 6 பிள்ளையிடம் இருப்பது உம்மாவின் சிம், உம்மாவின் கூகுள் கணக்கு. உம்மாவும் வெளிநாடு என்றால் மூத்தம்மாவுடையது. யூடியூப்பைப் பொறுத்தவரை நள்ளிரவில் வீடியோ பார்ப்பவர் 62 வயதுப் பெண்மணி. டிக்டொக் 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு நேரடிச் செய்தி வசதியைத் தருவதில்லை. இன்ஸ்டகிராம் 2024 செப்டம்பரில் பதின்ம வயதினருக்குத் தனிக் கணக்கு முறை கொண்டுவந்தது. முன்பின் தெரியாதவர் அந்தக் கணக்குக்குச் செய்தி அனுப்ப முடியாது. இந்தக் காவல்கள் பெரும்பாலும் கணக்கிலுள்ள பிறந்த ஆண்டைப் பார்த்தே வேலை செய்கின்றன. மூத்தம்மாவின் ஆண்டைக் கொடுத்தால் அவை அசைவது அரிது.

எனவே முதல் வேலை, பிள்ளையின் உண்மையான வயதில் தனிக் கூகுள் கணக்கு. கூகுளின் 'ஃபமிலி லிங்க்' இலவசம். எந்தச் செயலியை அனுமதிப்பது, இரவு எத்தனை மணிக்குப் போனைப் பூட்டுவது என்பதைப் பெற்றோர் தம் போனிலிருந்தே தீர்மானிக்கலாம். வாப்பா தோஹாவில் இருந்தும் செய்யலாம். பணம் அனுப்புவதோடு இதையும் அவர் பொறுப்பெடுத்தால் நல்லது.

அவுஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கு கிடையாது. மீறும் நிறுவனத்துக்கு 4 கோடியே 95 லட்சம் அவுஸ்திரேலிய டொலர் வரை அபராதம். இங்கும் அது வேண்டும் என்பவர்கள் 2018 மார்ச்சை நினைத்துப் பார்க்கலாம். அதற்குச் சற்று முன் அம்பாறையில் உணவில் மலட்டு மாத்திரை கலப்பதாக வதந்தி, அடுத்துத் திகனவில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை; அரசு பேஸ்புக்கை முடக்கியது. பலர் வீபிஎன் பழகிக்கொண்டதுதான் மிச்சம்.

திரை நேரத்தைவிட எனக்குப் பயமூட்டுவது படத்தைக் காட்டி மிரட்டுவது. மிரட்டுபவனின் மூலதனம் படம் அல்ல, வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற பிள்ளையின் பயம். பெண்பிள்ளை என்றால் ஊர் வாயும், படிப்பை நிறுத்திவிடுவார்களோ என்ற கலக்கமும் சேரும். 'நீ சொன்னால் அடிக்க மாட்டேன், போனையும் பறிக்க மாட்டேன்' என்று உம்மா முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தால் அந்த மூலதனத்தில் பாதி போய்விடும்.

நடந்துவிட்டால் பணம் கொடுக்க வேண்டாம். பதற்றத்தில் செய்திகளை அழிக்கவும் வேண்டாம், அவைதான் சாட்சி. இலக்கத்தையும் கணக்கின் பெயரையும் ஸ்க்ரீன்ஷொட் எடுத்துக்கொண்டு தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929க்கு அழையுங்கள். தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. 18 வயதுக்கு முன் எடுத்த அந்தரங்கப் படம் என்றால் 'டேக் இட் டவுன்' என்ற அமெரிக்க இணையச் சேவையும் உண்டு. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. கைரேகை மாதிரி அதன் இலக்கக் குறி மட்டும் பேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டொக் போன்ற நிறுவனங்களுக்குப் போகும். வட்ஸ்அப்பில் கைமாறுவதை அது பிடிக்காது. அதற்குப் பொலிஸில் முறைப்பாடு செய்ய வேண்டும்.