உழைக்கும் உடலுக்கு யோகம் எதற்கு?

"விடியுமுன் எழுந்து மரந்தோறும் நடக்கிறோம்; குனிகிறோம், நிமிர்கிறோம், சுமை தூக்குகிறோம். எங்களுக்கு இன்னும் ஓர் உடற்பயிற்சி எதற்கு?" தோட்டப்புற மக்களிடையே யோகத்தைப் பற்றிப் பேச முற்படுவோர் முதன்முதலில் எதிர்கொள்ளும் வினா இதுவேயாகும். இது நியாயமான வினா. நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்குச் சொல்லும் அறிவுரையை, நாள் முழுவதும் உடலால் உழைப்பவரிடம் அப்படியே சொல்லுதல் பொருந்தாது. எனவே, உழைப்புக்கும் பயிற்சிக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் அறிந்துகொள்வோம்.

உழைப்பு வேறு, பயிற்சி வேறு

பால்மரம் சீவுபவரின் வேலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். வெயில் ஏறுமுன் மரத்தில் பால் நன்கு வடியும் என்பதால், இருள் பிரியும் முன்னரே வேலை தொடங்கிவிடுகிறது. பட்டையின் வெட்டு தாழ்ந்திருந்தால் குனிய வேண்டும். உயர்ந்திருந்தால் கையையும் கழுத்தையும் உயர்த்த வேண்டும். உளியைப் பிடிக்கும் முறை மாறுவதில்லை. உடல் திரும்பும் பக்கமும் மாறுவதில்லை. நூற்றுக்கணக்கான மரங்களில் அதே அசைவு மீண்டும் மீண்டும் நிகழ்கிறது. பின்னர்ப் பால் வாளியின் பாரம் தோளில் ஏறுகிறது.

செம்பனைக் குலை அறுப்பவரின் நிலை வேறு. நீண்ட கழியின் முனையில் பூட்டிய அரிவாளை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, அவர் வெகுநேரம் அண்ணாந்து பார்க்க வேண்டியுள்ளது. பிறகு 20 கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ள குலைகளைத் தூக்கித் தள்ளுவண்டியில் ஏற்ற வேண்டும். ஒருவருக்கு முதுகு வளைகிறது. மற்றவருக்குக் கழுத்து பின்னே மடிகிறது. தோட்டத்தை விட்டு வெளியேறித் தொழிற்சாலையிலும், பாதுகாவலர் பணியிலும், லாரி ஓட்டுநர் இருக்கையிலும் நாளைக் கழிக்கும் நம் பிள்ளைகளுக்கோ, கால் கடுக்க நிற்பதும் இடுப்பு நோக அமர்வதும் அன்றாட வழக்கமாகிவிட்டன.

ஆகவே, உழைப்பு உடலைப் பயன்படுத்துகிறது. ஆனால் ஒரே வழியில் பயன்படுத்துகிறது. சில தசைகள் ஓயாமல் இறுகுகின்றன. சில தசைகள் வேலையின்றி வலுவிழக்கின்றன. வேலையின் வேகத்தை நாள் வேலைக் கணக்கு தீர்மானிக்கிறதேயன்றி, நம் மூச்சு தீர்மானிப்பதில்லை. யோகப் பயிற்சியோ இதற்கு நேர்மாறானது. வளைந்ததை நிமிர்த்துகிறது, இறுகியதைத் தளர்த்துகிறது, மூச்சின் போக்குக்கேற்ப உடலை அசைக்கிறது. உழைப்புக்கு மேல் ஏற்றும் இன்னொரு சுமையன்று இது. உழைப்பு விட்டுச்சென்ற கோணலைச் சரிசெய்யும் முயற்சியே ஆகும்.

யோகம் என்பது யாது?

உடலை வில்லாக வளைப்பதும் தலைகீழாக நிற்பதுமே யோகம் என்று பலர் எண்ணுகின்றனர். பதஞ்சலி முனிவரின் யோக சூத்திரம் யோகத்தை எட்டு அங்கங்களாக வகுக்கிறது. அவை இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என்பனவாம். ஏறத்தாழ 195 சூத்திரங்கள் கொண்ட அந்நூலில் ஆசனத்தின் இயல்பை விளக்குபவை மூன்றே மூன்று. ஆசனம் உறுதியாகவும் சுகமாகவும் இருத்தல் வேண்டும் என்பதே அவற்றின் சாரம். தமிழிலும் திருமூலர் தம் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இவ்வெட்டு அங்கங்களையும் விரித்துரைத்துள்ளார். தீயன விலக்கி ஒழுக்கத்தோடு வாழ்வதே முதற்படி; உடற்பயிற்சி அதற்குப் பின்னர்தான் வருகிறது என்பதை நாம் மறத்தலாகாது.

மலாயாத் தோட்டத்து மருத்துவர்

யோகத்திற்கும் நம் நாட்டுத் தோட்டங்களுக்கும் ஒரு பழந்தொடர்பு உண்டு. பாய்க்குப் பேர்போன நெல்லைச் சீமையின் பத்தமடையில் 1887-ஆம் ஆண்டு பிறந்தவர் குப்புசாமி. மருத்துவம் பயின்ற அவர் 1913-ஆம் ஆண்டு மலாயாவுக்கு வந்து, சிரம்பானை அடுத்த ஓர் இரப்பர்த் தோட்ட மருத்துவமனையில் பணியேற்றார். பின்னர் ஜொகூரிலும் பணியாற்றினார். தோட்டத் தொழிலாளரின் நோயையும் வறுமையையும் அருகிருந்து கண்டவர் அவர். 1923-ஆம் ஆண்டு இந்தியா திரும்பி, மறு ஆண்டு இரிஷிகேசத்தில் துறவு பூண்டார். உலகம் அவரைச் சுவாமி சிவானந்தர் என அறிந்தது. அவர் 1936-ஆம் ஆண்டு தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தையும், 1948-ஆம் ஆண்டு யோகம் கற்பிப்பதற்கென ஒரு கல்விக்கூடத்தையும் நிறுவினார். அவருடைய மாணவராகிய சுவாமி விஷ்ணுதேவானந்தர் 1969-ஆம் ஆண்டு மேலை நாடுகளில் யோக ஆசிரியர்களுக்கான பயிற்சி வகுப்பைத் தொடங்கினார். நம் நாட்டில் பத்துமலைப் பகுதியில் உள்ள சிவானந்த ஆசிரமம் இம்மரபின் வழிவந்ததே. தோட்ட மருத்துவமனையில் மருந்து கொடுத்த கை, பின்னாளில் உலகுக்கு யோகம் கற்பித்தது என்பது நாம் பெருமையுடன் நினைக்கத்தக்க செய்தியன்றோ?

மருத்துவம் கூறுவது

யோகத்தால் தீராத நோயே இல்லை என்பாரும் உளர். அது மிகையான கூற்று. நாட்பட்ட கீழ்முதுகு வலியைப் பொறுத்தவரை நம்பத்தக்க சான்றுகள் உள்ளன. 2017-ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர் கல்லூரி வெளியிட்ட வழிகாட்டி, பன்னிரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் முதுகு வலிக்கு மருந்தை நாடுமுன் முயலத்தக்க வழிகளுள் யோகத்தையும் சேர்த்துள்ளது. அதே ஆண்டில் பல ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த காக்ரேன் அறிக்கை, யோகம் பயில்வோருக்கு மூன்று முதல் ஆறு மாதங்களில் முதுகின் செயல்திறன் ஓரளவு மேம்படுகிறது என்று கண்டது. பயிற்சியாலேயே சிலருக்கு முதுகு வலி சற்று மிகுந்ததையும் அது குறிப்பிடுகிறது. பயன் உண்டு, ஆனால் அது பெரும் அற்புதமன்று, முறையின்றிச் செய்தால் தீங்கும் உண்டு. இந்நடுநிலையான உண்மையை மனத்திற்கொண்டு தொடங்குவதே அறிவுடைமை.

தொடக்கப் பயிற்சிகள்

தோட்டத்தில் விடியற்காலை நேரம் வேலைக்குரியது. ஆகவே, மாலையில் குளித்து இளைப்பாறிய பின், இரவு உணவுக்கு முன்பாக 20 நிமிடம் ஒதுக்கினால் போதும். வயிறு நிறைய உண்டிருந்தால் இரண்டு மூன்று மணி நேரம் கழியட்டும். சமதரையில் விரித்த ஒரு பாயே போதுமான கருவி.

முதலாவது, நேராக நிற்றல். பாதங்களைச் சற்று அகற்றி, உடற்பாரத்தை இரு கால்களிலும் சமமாகத் தாங்கி நில்லுங்கள். மூச்சை இழுக்கும்போது கைகளைத் தலைக்கு மேல் உயர்த்துங்கள், விடும்போது தாழ்த்துங்கள். ஐந்து முறை செய்க.

இரண்டாவது, பூனை நிலை. கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றி, மூச்சை விடும்போது முதுகை மேல்நோக்கி வளையுங்கள். இழுக்கும்போது மெல்லத் தாழ்த்துங்கள். குனிந்து வேலை செய்தவரின் முதுகெலும்புக்கு இது நல்ல தளர்ச்சி தரும்.

மூன்றாவது, புஜங்காசனம். குப்புறப் படுத்து, உள்ளங்கைகளைத் தோளருகே வைத்து, தலையையும் மார்பையும் மட்டும் சிறிது உயர்த்துங்கள். தொப்புள் தரையை விட்டு எழவேண்டியதில்லை. குலை அறுப்போர் கழுத்தைப் பின்னே மடிக்காமல், பார்வையைத் தரையிலேயே வைத்துச் செய்தல் நலம்.

நான்காவது, கால்களைச் சுவரில் உயர்த்தி வைத்தல். மல்லாந்து படுத்துக் கால்களைச் சுவரில் சாய்த்து மூன்று நிமிடம் இருங்கள். வெகுநேரம் நின்று வேலை செய்வோருக்குக் கால் கடுப்பு தணியும்.

ஐந்தாவது, மூச்சுப் பயிற்சி. நிமிர்ந்து அமர்ந்து, நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல விடுங்கள். ஓர் எண்ணுக்கு ஒரு நொடி என்று கொண்டால், நிமிடத்திற்கு ஆறு மூச்சு ஆகும். மூச்சை அடக்கி நிறுத்தவேண்டாம். இவ்வாறு மெதுவாக மூச்சு விடும்போது உடலுக்கு ஓய்வளிக்கும் நரம்பு மண்டலம் விழிப்படைகிறது, படபடப்பு தணிகிறது.

இறுதியாக, சவாசனம். கைகால்களைத் தளரவிட்டு ஐந்து நிமிடம் அசையாமல் படுத்திருங்கள். இதனைச் சோம்பல் என்று எண்ணித் தவிர்ப்போர் பலர். உழைப்பவருக்கு ஓய்வெடுக்கவும் கற்றுக்கொடுக்க வேண்டியுள்ளது என்பதே உண்மை.

எச்சரிக்கை வேண்டுவோர்

இரத்தக் கொதிப்பு உள்ளவர்களும், கண் அழுத்த நோய் உள்ளவர்களும் தலைகீழாக நிற்கும் ஆசனங்களைத் தவிர்க்க வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்ளும் நீரிழிவு நோயாளிகள் வெறும் வயிற்றில் பயிலக்கூடாது. கருவுற்ற தாய்மார்கள் மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்கவேண்டும். குப்புறப் படுக்கும் நிலைகள் அவர்களுக்கு ஏற்றவையல்ல. முதுகு வலியோடு காலில் மரத்துப்போதலோ, சிறுநீரை அடக்க இயலாமையோ காணப்பட்டால், ஆசனம் தேடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். யோகம் தொடங்கிவிட்டோம் என்பதற்காக மருத்துவர் கொடுத்த மாத்திரையை எவரும் நிறுத்தலாகாது.

கற்பிப்பவர் கவனத்திற்கு

ஒரு தோட்டத்தில் ஒருவர் முறையாகக் கற்றுக்கொண்டால், அவர் வழியே பத்துப்பேர் பயன்பெற முடியும். ஆனால் கற்பித்தல் பொறுப்புமிக்க பணி. உலகின் பல பகுதிகளில் 200 மணி நேரப் பயிற்சியை யோக ஆசிரியருக்குரிய தொடக்கத் தகுதியாகக் கொள்கின்றனர். சான்றிதழ் பெறுவது நன்று. அதனினும் நன்று, அவர் தாமே நாள்தோறும் பயின்று வருவது. ஆசிரியரின் உடலையும் நடத்தையையும் பார்த்தே மாணவர் கற்கின்றனர்.

வகுப்பைத் தொடங்குமுன் ஒவ்வொருவரிடமும் அவர்தம் நோயையும் பழைய காயங்களையும் தனியே கேட்டறிதல் வேண்டும். பிறர் முன்னிலையில் கேட்டால் பலர் மறைத்துவிடுவர். முதலில் செய்து காட்டுக, பிறகு சொல்லுக, அதன் பின் செய்யவிடுக. ஆசனத்தின் வடமொழிப் பெயரை இறுதியாகச் சொன்னாலும் குறையில்லை. மாணவரின் முதுகை அமுக்கியோ காலை இழுத்தோ வளைக்க முற்படவேண்டாம். தொட்டுத் திருத்த நேர்ந்தால் அனுமதி பெற்றே தொடுக. கை எட்டாதவருக்கு ஒரு கைலியை மடித்துக் கொடுத்தால், பாதத்தில் சுற்றி இழுத்துக்கொள்வார். தரையில் அமர இயலாத முதியவருக்கு ஒரு நாற்காலி போதும்.

அளவு அறிய எளிய வழி ஒன்று உண்டு. மூச்சு சீராக ஓடினால் ஆசனம் அளவோடு இருக்கிறது. மூச்சு திணறினால் எல்லை கடந்துவிட்டது. "பக்கத்தில் இருப்பவரைப் பார்க்காதீர்கள், உங்கள் மூச்சைப் பாருங்கள்" என்று சொல்லும் ஆசிரியரின் வகுப்பில் காயம் குறையும்.

பெண்களின் நேரத்தையும் கருதவேண்டும். வேலை முடிந்து வீடு திரும்பியதும் சமையலும் துணி துவைப்பதும் அவர்களுக்காகக் காத்திருக்கின்றன. வீட்டில் உள்ளோர் அவ்வேலைகளில் பங்கு கொண்டாலன்றி அந்த 20 நிமிடம் அவர்களுக்குக் கிட்டாது. அவர்களுக்குப் பெண்ணொருவரே கற்பித்தல் சாலச் சிறந்தது.

பல சமயத்தவர் கூடி வாழும் நாடு நம் நாடு. வழிபாட்டுக் கூறுகளும் மந்திரமும் கலந்த யோகப் பயிற்சி இஸ்லாமியருக்கு ஏற்றதன்று என்று 2008-ஆம் ஆண்டு தேசிய பத்வா மன்றம் அறிவித்தது. பொது மண்டபத்தில் கற்பிப்போர் இதனை அறிந்து, எவருடைய நம்பிக்கைக்கும் ஊறு நேராவண்ணம் நடந்துகொள்ளுதல் கடமையாகும்.

தொடங்குவது எப்போது?

ஐக்கிய நாட்டுச் சபை 2014-ஆம் ஆண்டு எடுத்த முடிவின்படி, 2015 முதல் ஆண்டுதோறும் ஜூன் 21-ஆம் நாள் உலக யோக நாளாகக் கொண்டாடப்படுகிறது. ஆனால் ஆண்டுக்கு ஒரு நாள் திடலில் கூடிச் செய்யும் பயிற்சி உடலுக்கு உதவாது. வாரத்தில் நான்கு நாள், நாளுக்கு 20 நிமிடம் என மூன்று மாதம் விடாமல் பயின்று பாருங்கள். வலி முற்றும் மறையாமற்போகலாம். ஆயினும் காலையில் எழும்போது முதுகு முன்னைவிட எளிதாக நிமிர்வதைப் பலர் உணரக்கூடும்.

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பது முதுமொழி. உழைப்பாளிக்கு உடலே முதல். உளி மழுங்கினால் தீட்டுகிறோம். தள்ளுவண்டியின் சக்கரம் தேய்ந்தால் மாற்றுகிறோம். நாற்பது ஆண்டு உழைக்கும் உடலுக்கு நாளொன்றுக்கு 20 நிமிடம் ஒதுக்குவது வீண்செலவாகுமா? வாசகர்களே, இன்று மாலையே ஒரு பாயை விரியுங்கள்; குடும்பத்தாரையும் உடன் அழைத்துக்கொள்ளுங்கள்.