டூத் பிரஷ்ஷில் ஓடும் ரோபோ

பழைய டூத் பிரஷ், மூன்று வோல்ட் பட்டன் பேட்டரி, பழுதான செல்போனிலிருந்து கழற்றிய வைப்ரேட்டர் மோட்டார், ஒரு துண்டு டபுள் சைடு டேப். ஒரு குட்டி ரோபோ செய்ய இவ்வளவே போதும். விண்டெல் ஆஸ்கே, லெனோர் எட்மன் என்ற அமெரிக்க இணையர் 2007-ல் இதன் செய்முறையை வெளியிட்டார்கள். 'பிரிசில்பாட்' என்ற பெயரில் உலகம் முழுக்கப் பிள்ளைகள் இதைச் செய்கிறார்கள்.

இழைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்த பிரஷ் கிடைத்தால் நல்லது. நேராக இருந்தால் தரையில் அழுத்தி வளைத்துக்கொள்ளலாம். பிரஷ்ஷின் தலையை மட்டும் பெரியவர் யாராவது வெட்டித் தரட்டும். அதன் முதுகில் டேப்பை ஒட்டி, ஒரு முனையில் மோட்டாரையும் மறுமுனையில் பேட்டரியையும் வையுங்கள். மோட்டாரின் ஒரு ஒயர் பேட்டரிக்கு அடியில் இருக்க வேண்டும். இன்னொன்று பேட்டரியின் மேற்பக்கத்தைத் தொட்டதும் பிரஷ் தரையில் ஓடத் தொடங்கும்.

சக்கரம் இல்லாமல் எப்படி ஓடுகிறது? மோட்டாரின் அச்சில் ஒரு பக்கம் மட்டும் கனத்த சிறு உலோகத் துண்டு இருக்கிறது. அது சுழலும்போது பிரஷ் நொடிக்குப் பலமுறை தரையில் அழுந்தி எழுகிறது. அழுந்தும்போது வளையும் இழைகள் நிமிரும்போது தரையை உந்துகின்றன. அவை பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் முன்னால் நழுவுவது எளிது, பின்னால் நழுவுவது கடினம். ஆகவே அதிர்வு ஒரே திசை ஓட்டமாகிறது. மோட்டாரையோ பேட்டரியையோ ஒரு பக்கமாகத் தள்ளி ஒட்டினால் ரோபோ வட்டமடிக்கும். பிள்ளை அதைத் தானே கண்டுபிடிக்கட்டும், சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள்.

சூழலை உணராத ஒன்றை ரோபோ என்று சொல்லலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சூழலை உணரும் ரோபோவுக்கும் சில பாகங்களே போதும். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 1940-களின் இறுதியில் கிரே வால்டர் என்ற ஆய்வாளர் 'எல்மர்', 'எல்சி' என்ற இரண்டு இயந்திர ஆமைகளைச் செய்தார். ஒவ்வொன்றிலும் இருந்தவை இரண்டு மோட்டார், இரண்டு வெற்றிடக் குழாய் (வால்வு), ஓர் ஒளி உணரி, ஒரு தொடு உணரி. அவ்வளவைக் கொண்டே அவை வெளிச்சத்தைத் தேடின, தடையில் முட்டினால் விலகிப் போயின. பிரஷ் ரோபோ அந்தப் பாதையின் முதல் படி. ஒளி உணரியும் டிரான்சிஸ்டரும் சேர்ப்பது அடுத்த படி.

ஆயிரக்கணக்கில் விலை வைத்து விற்கும் ரோபோ கிட்டில் எல்லாம் ஏற்கெனவே பொருந்தி வருகிறது. ஒரு பாகம் ஏன் அங்கே இருக்கிறது என்று பிள்ளை கேட்க வேண்டியதே இல்லை. அதனால் பிரஷ்தான் நல்ல தொடக்கம் என்பேன்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் அது வெந்து புண்ணாகிவிடக்கூடும். வீட்டில் சிறு குழந்தை இருந்தால் விளையாடி முடித்ததும் பேட்டரியைக் கழற்றிப் பூட்டி வையுங்கள். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.