முதலில் காண வேண்டிய மருத்துவர்

பொதுமருத்துவம் என்பது வயது வந்தோருக்கு வரும் நோய்களைக் கண்டறிந்து, அறுவைச் சிகிச்சையின்றி மருந்துகளால் குணப்படுத்தும் பிரிவாகும். பயிற்சி மருத்துவராகப் பணியாற்றும் ஓராண்டையும் சேர்த்து எம்.பி.பி.எஸ். படிப்பு ஐந்தரை ஆண்டுகள் நீடிக்கும். அதன்பின் மூன்றாண்டு எம்.டி. பயின்றவர் பொதுமருத்துவ நிபுணர் எனப்படுகிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளி முதலில் காண்பவர் பெரும்பாலும் எம்.பி.பி.எஸ். முடித்த மருத்துவ அலுவலர். இவ்விருவரும் இதயம், சிறுநீரகம் என ஓர் உறுப்போடு தம் பணியை நிறுத்திக்கொள்வதில்லை. ஒரே குடும்பத்தைப் பல ஆண்டுகள் கவனிக்கும் வாய்ப்பே சிலரை இத்துறைக்கு ஈர்க்கிறது.

சுவாமிமலையைச் சுற்றியுள்ள வயல்களில் இதன் பயன் தெளிவாக விளங்கும். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கப்பட்டதும் குறுவைப் பணி சூடுபிடிக்கிறது. பின்னர் சம்பா நடவும் வடகிழக்குப் பருவமழையும் வருகின்றன. நாற்று நடுவோரும் களை எடுப்போரும் நெடுநேரம் சேற்று நீரில் நிற்கின்றனர். எலி, கால்நடை ஆகியவற்றின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து லெப்டோஸ்பைரா என்னும் கிருமி, பாத வெடிப்பு அல்லது சிராய்ப்பு வழியாக உடலுக்குள் நுழைகிறது. பெரும்பாலும் 5 முதல் 14 நாட்களில் காய்ச்சல், கண் சிவப்பு, கெண்டைக்காலில் கடும் வலி ஆகியவை தோன்றும். இதுவே எலிக்காய்ச்சல். "அண்மையில் வயலில் இறங்கி வேலை செய்தீர்களா?" என்று கேட்கும் மருத்துவர், ஆய்வக முடிவு வருவதற்கு முன்பே இந்நோயை ஐயுறுவார். தொடக்க நிலையில் டாக்சிசைக்ளின் போன்ற விலை குறைந்த மாத்திரையே பலருக்குப் போதுமானது. தாமதித்தால் சிறுநீரகமும் கல்லீரலும் பழுதடைந்து உயிருக்கே ஆபத்து நேரலாம்.

வெண்கலச் சிலை வார்க்கும் ஸ்தபதியர் பட்டறைகளும் இவ்வூரில் உண்டு. உலைப்புகையினருகே பணிபுரிபவருக்கு இருமல் வந்தால் புகையின் மீதே பழி போடுவது எளிது. இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமலுக்குக் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம் தேவை. தொழிலையும் கேட்டறிந்து, சளியையும் பரிசோதிக்கச் சொல்பவரே நல்ல மருத்துவர்.

ஒருவருக்கே பல நோய்கள் இருக்கும்போது சிக்கல் கூடுகிறது. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, தமிழ்நாட்டில் நீரிழிவு உள்ளோர் 14.4 விழுக்காடு என மதிப்பிட்டது. இவர்களுள் ஒருவர் சர்க்கரைக்கு ஒரு மருத்துவரையும், ரத்த அழுத்தத்திற்கு இன்னொருவரையும் பார்த்துவிட்டு, மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் தாமாகவே மாத்திரை வாங்குவதாகக் கொள்வோம். டைக்ளோஃபெனாக் போன்ற வலிநிவாரணி ரத்த அழுத்தத்தை உயர்த்தக்கூடும். காரணம் அறியாமல் அழுத்த மாத்திரையின் அளவு கூட்டப்படும். இதற்கிடையே சிறுநீரகம் ஓசையின்றிப் பாதிக்கப்படும். எல்லா மாத்திரைகளையும் ஒரே மேசையில் பரப்பிப் பார்ப்பவருக்கே இது புலப்படும். ஆகவே நாட்டு மருந்து உட்பட உட்கொள்ளும் அனைத்தையும் ஒரு பையில் இட்டு எடுத்துச் செல்லுங்கள்.

சமவெளிப் பகுதிகளில் 30,000 மக்களுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது அரசின் அளவுகோல். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டிற்கே வருகின்றன. மாத்திரை வீடு தேடி வந்தாலும் மருத்துவரை நேரில் காண்பதை விட்டுவிடலாகாது. சிறுநீரகச் செயல்பாடு, கண், பாதம் ஆகியவற்றைக் குறித்த காலத்தில் பரிசோதிக்க வேண்டும். பராமரிப்பாளரே இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. கும்பகோணம் அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ சிகிச்சை பெற்றுத் திரும்புவோர், அங்கு தரப்படும் சுருக்க அறிக்கையை உள்ளூர் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பலர் அதைப் பெட்டியில் பூட்டிவிடுகின்றனர்.

நெஞ்சுவலி, திடீரென ஒருபக்கக் கை கால் செயலிழத்தல், வாய் கோணுதல், பாம்புக்கடி ஆகியவற்றிற்கு வழக்கமான மருத்துவரின் வருகைக்காகக் காத்திராமல் உடனே 108-ஐ அழையுங்கள். மூளை ரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் செலுத்தியாக வேண்டும். பாம்பு கடித்த இடத்தைக் கீறவோ, கயிற்றால் இறுக்கிக் கட்டவோ கூடாது. கடிபட்டவரை நடக்கவிடாமல் தூக்கிச் செல்லுங்கள்.