ஓட்டைக் கதையும் உண்மைத் தளபதியும்

மர்மத் தொடர்கதையை வாராவாரம் விடாமல் படிப்பவர் நீங்கள். மாடியிலிருந்து குதித்த கதாநாயகன் அடுத்த இதழில் சட்டைகூடக் கசங்காமல் காப்பி சாப்பிட்டுக் கொண்டிருந்தால், “இது என்ன ஐயா நியாயம்?” என்று ஆசிரியருக்குக் கடிதம் எழுதிவிடுவீர்கள் அல்லவா? அமெரிக்க டெலிவிஷன் ரசிகர்களும் அப்படித்தான்.

2001 நவம்பரில் அங்கே ‘24’ என்றொரு தொடர் ஆரம்பமாயிற்று. நியூயார்க் கோபுரங்கள் விழுந்து அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஒரே நாளில் நடந்து முடிகிற கதை. மணிக்கு ஓர் அத்தியாயம் வீதம் 24 அத்தியாயங்கள். பயங்கரவாதிகளைத் துரத்தும் ஜாக் பாவர் என்ற அதிகாரியாகக் கீஃபர் சதர்லண்ட் நடித்தார். திரையில் கடிகாரம் ஓடிக் கொண்டே இருக்கும்.

இந்தக் கடிகாரம்தான் வம்பு! லாஸ் ஏஞ்சல்ஸ் பட்டணத்தின் மோட்டார் நெரிசல் உலகப் பிரசித்தம். ஜாக்கோ ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு விளம்பர இடைவேளைக்குள் போய்ச் சேர்ந்துவிடுவார். சாப்பாடு, தூக்கம் எதுவும் அவரைத் தொந்தரவு செய்வதாகத் தெரியாது. முதல் கதையில் அவர் மனைவிக்குத் திடீரென்று ஞாபகம் தப்பி, சில மணி நேரத்தில் சௌகரியமாகத் திரும்பி வந்தது. இரண்டாவது கதையில் பட்டணத்தில் அணுகுண்டு வெடிக்கப் போகிறது. மகளோ காட்டில் பொறியில் கால் சிக்கி நிற்கிறாள். எதிரே ஒரு மலைச் சிங்கம் வந்து முறைக்கிறது! அந்தச் சிங்கத்தை ரசிகர்கள் இன்றைக்கும் விடவில்லை.

சிரிக்கட்டும், நஷ்டமில்லை. ஆனால் இன்னோர் ஓட்டை இருந்தது. பிடிபட்ட ஆசாமியை ஜாக் சித்திரவதை செய்வார். கடிகாரத்தில் இரண்டு நிமிஷம் நகர்வதற்குள் அவன் பெரும்பாலும் உண்மையைக் கக்கிவிடுவான். குண்டு வெடிக்கிற வரையில் பொய் சொல்லி நேரத்தைக் கடத்தலாமே என்று அந்த மகா பாதகனுக்குத் தோன்றாது. இதைக் கண்டு ஜனங்கள் சிரிக்கவில்லை, நம்பினார்கள்.

கவலைப்பட்டவர் யார் தெரியுமா? வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கலாசாலையின் டீன், பிரிகேடியர் ஜெனரல் பாட்ரிக் ஃபின்னகன். கைதியைத் துன்புறுத்துவது சட்ட விரோதம் என்று இவர் வகுப்பில் போதிக்க, நாளை பட்டாளத்தை நடத்தப் போகிற பிள்ளைகள் ஜாக்கை உதாரணம் காட்டினார்கள்! 2006 நவம்பரில், பழுத்த அனுபவமுள்ள விசாரணை அதிகாரிகளை அழைத்துக் கொண்டு நேரே படப்பிடிப்பு இடத்துக்கே போய்விட்டார். உடுப்பும் பதக்கங்களுமாக நின்றவரை நடிகர் என்று நினைத்து, அவருடைய காட்சி எத்தனை மணிக்கு என்று யாரோ விசாரித்தார்களாம்.

வந்தவர்கள் குறை மட்டும் சொல்லவில்லை, யோசனையும் சொன்னார்கள். கைதியிடம் வீட்டுக்கு எழுது என்று ஒரு தபால் கார்டைக் கொடுத்தால் போதும், அவன் உறவினர் பெயரும் விலாசமும் தானே வந்துவிடும். அடி இல்லை, உதை இல்லை. என்னைக் கேட்டால், கதைக்கும் இதுவே ருசி. அமெரிக்க உளவு இலாகாவின் கடும் விசாரணை முறைகள் பயனளிக்கவில்லை என்று செனட் கமிட்டி அறிக்கை வெளியிட்டதோ 2014 டிசம்பரில்தான்.

2009 ஜனவரியில் ஏழாவது கதை தொடங்கியது. முதல் அத்தியாயத்திலேயே ஜாக் செனட் கமிட்டி முன் உட்கார்ந்திருந்தார், சித்திரவதைக்குப் பதில் சொல்ல! விசாரணை முடிவதற்குள் எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவர் வந்து அவரை அவசரமாக அழைத்துக் கொண்டு போனார். கடிகாரம் மறுபடி ஓட ஆரம்பித்தது.