இரு துளையிலும் வெளிச்சம்

சுவரிலுள்ள பிளக் பாயின்ட் ஒன்று திடீரென்று பயனற்றுப் போனால், மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு பழுதுபார்க்கும் கடைக்கு ஓடுவோரும், ஸ்குரூ டிரைவருடன் சுவிட்ச் போர்டின் மீது பாய்வோரும் ஒருங்கே அவசரப்படுகிறார்கள். அந்த மிக்ஸியை வேறொரு பிளக்கிலும், நன்றாக ஓடும் வேறொரு சாதனத்தை இந்தப் பிளக்கிலும் செருகிப் பார்த்தால், கோளாறு சாதனத்திலா சுவரிலா என்பது ஒரு நிமிஷத்தில் நிச்சயமாகிவிடும்.

சுவரில்தான் என்றால், அறை முழுவதுமே மின்சாரம் போயிருக்கிறதா என்று பார்த்து, பழைய வீடானால் ஃபியூஸ் கட்டையையும், புதிய வீடானால் எம்.சி.பி.யையும் கவனிக்க வேண்டும். விழுந்திருக்கும் எம்.சி.பி.யை, செருகியிருப்பவற்றையெல்லாம் பிடுங்கிவிட்டு, முழுதும் கீழே தள்ளி ஒரு தடவை மேலே ஏற்றிப் பார்க்கலாம்; மீண்டும் விழுந்தால் அதனோடு மல்லுக்கு நிற்பது விவேகமன்று. ஃபியூஸ் கட்டையில் கைக்குக் கிடைத்த தடித்த செப்புக் கம்பியைச் சுற்றிவிடும் நம்மவர் சாமர்த்தியத்தைப் பற்றி என்ன சொல்ல! உருக வேண்டிய கம்பி உருகாவிட்டால் சுவருக்குள் இருக்கும் ஒயர் உருகும்.

இவை யாவும் ஒழுங்காக இருந்தும் பிளக் மட்டும் இயங்காதபோதுதான் விஷயம் சுவாரசியமாகிறது. பிளக்கை நேரே நோக்கி நின்றால், மேலேயுள்ள பெரிய துளை எர்த். கீழே வலப்புறம் ஃபேஸ், இடப்புறம் நியூட்ரல். (1934-இல் பிரிட்டிஷார் வகுத்த இந்த உருண்டைக் கால் அமைப்பை, 1947-இல் தாமே வகுத்த பட்டைக் கால் பிளக்குக்காக அவர்கள் படிப்படியாகக் கைவிட்டும், நாம் விடவில்லை.) டெஸ்டரை வலத் துளையில் வைத்தால் எரிகிறது, "கரண்ட் வருகிறதே!" என்று வீட்டார் வியக்கிறார்கள். அந்த நியான் விளக்கோ, மிகப் பெரிய மின்தடை ஒன்றைக் கடந்து நம் உடல் வழியே தரையை அடையும் அற்ப மின்சாரத்தில் எரிவதாகையால், மின்சாரம் வருவதை மட்டும் காட்டுமேயன்றி, அது திரும்பிப் போவதற்கு நியூட்ரல் வழி இருக்கிறதா என்பதைக் காட்டாது.

நியூட்ரல் அறுந்துபோன போர்டில் ஓர் அதிசயமும் காணலாம். அறையின் விளக்குச் சுவிட்சைப் போட்டால் விளக்கு எரியாது. ஆனால் ஃபேஸ் அந்த விளக்கின் வழியே கடந்து நியூட்ரல் கம்பியில் வந்து நிற்க, டெஸ்டர் இரு துளையிலும் எரியும். அநுபவமற்றவர் இரண்டு ஃபேஸும் கலந்துவிட்டதாக நடுங்குவார். அந்த விளக்கையும் மற்றச் சுவிட்சுகளையும் அணைத்தவுடன் இடத் துளையின் வெளிச்சம் மறைந்தால், நியூட்ரல் எங்கோ விட்டுப்போயிற்று என்று தீர்மானிக்கலாம். விளக்கே எரியாத அறையில் மின்சாரம் ஏது என்று நம்பி அந்தக் கம்பியைத் தொடுபவர் பிராணாபத்தை வலிய அழைக்கிறார்.

விட்டுப்போகும் இடம் பெரும்பாலும் திருகாணிதான். இறுக்கம் தளர்ந்த இடத்தில் சூடு பிறக்கும். சூட்டில் செம்பு கறுக்கும். கறுத்த இடத்தில் தடை மிகுந்து சூடு பின்னும் ஏறும். 6 ஆம்பியர் பிளக்கில் கன்வெர்ஷன் பிளக்கைச் செருகி, 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும் 2000 வாட் ஹீட்டரை மாட்டிவைப்பது இந்தச் சேதத்தைத் துரிதப்படுத்தச் சிறந்த உபாயம்! ஒரு போர்டிலிருந்து அடுத்ததற்கு லூப் எடுத்திருக்கும் வீடுகளில், இயங்காத பிளக்கில் குற்றம் ஒன்றுமின்றி, அதற்கு முந்தைய போர்டில் கருகிய திருகாணி அகப்படுவதும் உண்டு.

கழற்றுவது எலக்ட்ரீஷியன் வேலை. எவர் கழற்றினாலும், மெயினை அணைத்தபின், சற்று முன்னர் வேறொரு நல்ல பிளக்கில் எரிந்து காட்டிய டெஸ்டரைக் கொண்டே மறுபடி சோதித்துக்கொள்ள வேண்டும். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில், மெயின் அணைந்த மறுகணமே அது தன் பங்கு மின்சாரத்தை அனுப்பத் தொடங்கிவிடுமாதலால், அதையும் நிறுத்தியாக வேண்டும்.